குடியை நிறுத்த ஏ.ஏ. கூட்டம்: தேடுவது முதல் தொடர்ந்து போவது வரை முழுமையான வழிகாட்டி

குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் கூடிப் பேசும் இடம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஏ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் அங்கே பெரிய சிரமம் எதுவும் இருக்காது. புதியவர்கள் தடுக்கி விழுவது கூட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும்தான். டாக்டரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தி, மறுநாளே வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். பழைய முகவரியை நம்பிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவரிடமும் நம்பர் வாங்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

அதனால் கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவரை மனதில் வைத்து எழுதியது இது. வெளியூர், வெளிநாட்டுத் தமிழர்களுக்குத் தொலைபேசி எண்கள் மட்டும் மாறும், மற்றபடி முறை ஒன்றுதான்.

1. நிறுத்துவதற்கு முன் டாக்டர்

தினமும் குடிப்பவர், காலையில் கை நடுக்கம் போகக் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இந்த மூன்று பேரும் கூட்டத்தைத் தேடும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். பல வருடம் தினமும் குடித்த உடம்பில் திடீரென்று சாராயம் நின்றால் நரம்பு மண்டலம் கட்டுப்பாடு இல்லாமல் துள்ளத் தொடங்கும். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை வரும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பும், இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் அடிக்கும். இது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கூட்டத்தில் இருப்பவர்கள் குடியிலிருந்து மீண்டவர்கள், மருத்துவர்கள் அல்லர். இந்த நிலையை அவர்களால் சமாளிக்க முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, இரண்டில் ஒன்றை அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பக்கத்துக் கிளினிக்கில் "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா சரியாகிடும்" என்று போய்விடுவார்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதை ஈடு செய்யாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எத்தனை வருடம், எவ்வளவு குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் குறைக்காமல் சொன்னால்தான் சரியான மருந்தைத் தருவார்.

எப்போதாவது குடித்து, ஆனால் குடித்தால் நிறுத்த முடியாதவர்கள் டாக்டரைப் பார்ப்பதும் கூட்டத்துக்குப் போவதும் ஒரே வாரத்தில் நடக்கலாம். அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.

2. எதைத் தேடுகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

ஏ.ஏ. என்பது மறுவாழ்வு மையம் இல்லை. அங்கே தங்க முடியாது, மருந்து தர மாட்டார்கள், கட்டணம் கிடையாது. வருகைப் பதிவேடும் சான்றிதழும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. அலுவலகத்துக்குக் கடிதம் வேண்டுமென்றால் அதை டாக்டரிடம்தான் வாங்க வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்தில் "குடி மீட்பு" என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் கட்டண மையங்களின் விளம்பரம். எதிர்முனையில் "அட்வான்ஸ்", "பேக்கேஜ்", "நாங்களே வந்து தூக்கிட்டுப் போறோம்" என்ற பேச்சு வந்தால் அது ஏ.ஏ. இல்லை. தங்கிச் சிகிச்சை பெறுவது தேவைப்படலாம், அது தனி முடிவு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி தொடர்பான மனநலச் சிக்கல்களையும் உள்ளடக்கியது. அந்தச் சட்டப்படி சிகிச்சை மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். மையத்தில் சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சென்னை இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சை தனி, வெளியே நடக்கும் ஏ.ஏ. கூட்டம் தனி. ஒன்றில் சேர்ந்தவர் மற்றதை விட்டுவிட வேண்டியதில்லை.

ஏ.ஏ.வில் வரும் கடவுள், பிரார்த்தனை என்ற பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு இணையவழிக் கூட்டங்கள் நடத்துகிறது. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழில் பேச வேண்டும், நேரில் மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கே ஏ.ஏ.தான் எளிதில் கிடைக்கும்.

3. கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

இந்திய ஏ.ஏ.வின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. ஏ.ஏ. ஜி.எஸ்.ஓ. இந்தியா என்று தேடினால் அதன் இணையதளம் வரும். அதில் உங்கள் மாநிலம், ஊர் வாரியாகப் பாருங்கள். பெரிய நகரங்களில் இன்டர்குரூப் என்ற ஒருங்கிணைப்பு அலுவலகம் இருக்கும். அந்த ஊர்க் குழுக்களின் நாள், நேரம், இடம் எல்லாம் அவர்களிடம் பட்டியலாக இருக்கும்.

சிறிய ஊரில் இருப்பவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். அங்குள்ள ஆலோசகருக்குப் பக்கத்தில் நடக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு கூட்டத்தைக் குறித்துக்கொண்டு நிற்காதீர்கள். குறைந்தது மூன்று கூட்டங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழு இடம் மாறியிருக்கலாம், பள்ளித் தேர்வு, திருவிழா என்று ஹால் கிடைக்காமல் போயிருக்கலாம். முதல் முயற்சியே வீணானால், மனம் "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று சொல்ல உடனே ஒரு காரணம் கிடைத்துவிடும்.

4. போன் செய்யாமல் போகாதீர்கள்

டாக்டரைப் பார்ப்பது தவிர, இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பட்டியலில் இருக்கும் எண்ணை எடுப்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லை. அவரும் குடித்து நிறுத்தியவர்தான். பகலில் வேலையில் இருப்பார், எடுக்காமல் போகலாம். மாலையில் மறுபடி அழையுங்கள், அல்லது ஒரு வரி அனுப்புங்கள்.

என்ன பேசுவது என்று தயங்குபவர்களுக்கு இது போதும்: "வணக்கம். எனக்குக் குடிப் பிரச்சினை இருக்கு. மீட்டிங்குக்கு வரணும். நான் புதுசு." முழுப் பெயர், வேலை, சாதி, ஊர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் எண் அவருடைய ட்ரூகாலரில் பெயரோடு தெரியலாம். அது உறுத்தினால் வீட்டில் யாராவது ஒருவரின் போனிலிருந்து அழையுங்கள். அழைத்தவர் யார் என்பதை வெளியே சொல்லாமல் இருப்பது அவர்கள் கட்டாயமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம்.

கேட்க வேண்டியவை: இந்த வாரம் கூட்டம் உறுதியாக நடக்கிறதா? எந்த வாசல், எந்த மாடி? தமிழில் பேசுவார்களா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா (வேறுபாடு அடுத்த பகுதியில்)? கடைசியாக, "கேட்ல யாராவது நிப்பாங்களா?" இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் பாதி வழியில் திரும்புவது குறைகிறது.

பெண்கள், ஒரு பெண் உறுப்பினரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பல ஊர்களில் கூட்டத்துக்கு வரும் பெண்கள் மிகக் குறைவு. முதல் நாளே இருபது ஆண்களுக்கு நடுவில் தனியாக உட்காருவதைவிட, பெண்களுக்கான இணையவழிக் கூட்டத்தில் தொடங்கி, அங்கே பழகிய ஒருவரோடு நேரடிக் கூட்டத்துக்குப் போவது எளிது.

5. திறந்த கூட்டம், மூடிய கூட்டம்

திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மனைவி, அண்ணன், மருத்துவ மாணவர், யாராக இருந்தாலும் சரி. மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும், தமக்கு அப்படி ஒன்று இருக்கிறதோ என்று நினைப்பவர்களுக்கும் மட்டும்.

துணைக்கு ஆள் வேண்டும் என்றால் முதல் முறை திறந்த கூட்டத்துக்குப் போங்கள். ஆனால் வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். இரண்டாம் முறையிலிருந்து தனியாகப் போவதே நல்லது.

புத்தகம் வாசிக்கும் கூட்டம், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளில் ஒன்றை எடுத்துப் பேசும் கூட்டம், ஒருவர் குடியை நிறுத்திய நாளைக் கொண்டாடும் பிறந்தநாள் கூட்டம் என்று வகைகள் உண்டு. புதியவருக்கு எளிதானது சாதாரணப் பகிர்வுக் கூட்டம். படிக் கூட்டத்தில் பேச்சு பாதியில் தொடங்கியது போலத் தோன்றும்.

6. போகும் நாள்

கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில்தான். டாஸ்மாக் கடை மதியம் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். அதாவது கால் கடைப் பக்கம் இழுக்கும் அதே நேரத்தில்தான் நீங்கள் கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். எனவே மூன்று ஏற்பாடுகள்.

முதலாவது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசி பெரும்பாலும் குடிக்கும் ஆசை போலவே உடம்பில் தெரியும். இரண்டாவது, வழக்கமான கடையைத் தாண்டாத வழியைப் பகலிலேயே பார்த்து வையுங்கள், நான்கு தெரு சுற்றினாலும் பரவாயில்லை. மூன்றாவது, பஸ்ஸுக்கும் டீக்கும் வேண்டிய பணம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பணம் அனுப்பும் வசதியை அன்றைக்கு வீட்டாரிடம் விடுவதும் உதவும்.

பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். இடம் பெரும்பாலும் சர்ச் வளாகத்தின் பின்பக்க அறை, பள்ளி வகுப்பறை, சமூகக்கூடம் என்று இருக்கும். வெளியே பெரிய பலகையை எதிர்பார்க்காதீர்கள். வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்னத் துணியோ அட்டையோ கூட்டம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் மாட்டியிருப்பார்கள். வாட்ச்மேன் கேட்டால் "மீட்டிங்குக்கு வந்தேன்" என்றால் போதும், எங்கே என்று கை காட்டுவார்.

சர்ச்சில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இடம் வாடகைக்கு எடுத்தது, அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்ந்தது இல்லை. கடவுள் என்ற சொல் படிகளில் வரும், அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் என்ற விளக்கத்தோடுதான் வரும்.

அன்று குடித்துவிட்டீர்களா? அப்படியும் போகலாம். பெரும்பாலான குழுக்கள் கேட்பது ஒன்றுதான்: அன்றைக்குப் பேசாமல் கேளுங்கள். வண்டி மட்டும் ஓட்டிப் போகாதீர்கள்.

7. கூட்டத்துக்குள்

ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும். நடத்துபவர் தொடக்கத்தில் அமைதி காக்கச் சொல்வார், ஏ.ஏ. பற்றிய முன்னுரையும் 12 படிகளும் வாசிக்கப்படும். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள், எல்லோரும் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள்.

உங்கள் முறை வந்தால் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. "நான் இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். முதல் நாளே முழுக் கதையையும் கொட்டிவிடுபவர்கள் சிலர் வீட்டுக்குப் போன பிறகு வெட்கப்பட்டு அடுத்த வாரம் வராமல் போகிறார்கள். முதல் நாளில் இரண்டு நிமிடம் பேசினாலே தாராளம்.

ஒருவர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பதோ, அறிவுரை சொல்வதோ கூடாது. தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை என்ற நம்பிக்கையில்தான் மற்றவர்கள் உண்மையைப் பேசுகிறார்கள். பதில் சொல்லத் துடித்தால் கூட்டம் முடிந்த பின் அவரிடம் போய்ப் பேசுங்கள். போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள். படம் எடுப்பதும் பதிவு செய்வதும் அறவே கூடாது.

நடுவில் ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். வாடகைக்கும் டீச்செலவுக்கும் உறுப்பினர்கள் போடுவது அது. புதியவர் போட வேண்டியதில்லை, கையில் வாங்கிப் பக்கத்தில் கொடுத்தால் போதும்.

கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வையுங்கள். "இவர் அளவுக்கு நான் மோசமில்லை" என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். வேலை போனது, ரோட்டில் விழுந்தது போன்ற சம்பவங்கள் உங்களுக்கு நடந்திருக்காது. சம்பவத்தை விட்டுவிட்டு, அவர் மனதுக்குள் என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். மறைத்து வைத்தது, நாளையிலிருந்து நிறுத்துகிறேன் என்றது, முதல் ரவுண்டுக்குப் பிறகு நிற்காதது. பொருந்துவது அங்கேதான் இருக்கும்.

இணையவழிக் கூட்டம் என்றால், சேருவதற்கு முன் ஜூமில் தெரியும் பெயரை மாற்றுங்கள். அலுவலகக் கணக்கில் சேர்ந்தால் முழுப் பெயரும் நிறுவனப் பெயரும் திரையில் வந்து நிற்கும். ஹெட்போன் கட்டாயம், ஏனென்றால் அடுத்தவர் கதை உங்கள் வீட்டு ஹாலில் ஒலிக்கக் கூடாது.

8. முடிந்த பிறகு இருபது நிமிடம்

கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள், யாராவது வந்து பேசுவார்கள். வராவிட்டால் நடத்தியவரிடம் போய் "நான் புதுசுங்க" என்று சொல்லுங்கள்.

இரண்டு மூன்று பேரின் எண்ணை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். ஒருவர் போதாது, அவர் போனை எடுக்காத இரவில் யாரும் இல்லாமல் போய்விடும். அன்று இரவே அவர்களில் ஒருவருக்கு "வீட்டுக்கு வந்துட்டேண்ணே" என்று ஒரு போன் செய்யுங்கள். சொல்ல விஷயம் எதுவும் வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போது ஒரு முறை அழைத்துப் பழகியவர்தான், கை கடையை நோக்கிப் போகும் நேரத்தில் அந்த எண்ணை அழுத்துவார். பழகாத எண்ணை அந்த நேரத்தில் யாரும் அழைப்பதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கவா என்று கேட்டால், சேர்ந்தவுடன் உங்கள் எண்ணும் படமும் எல்லோருக்கும் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். வேண்டாம் என்று சொல்லலாம், தவறாக நினைக்க மாட்டார்கள்.

9. முதல் மூன்று மாதம்

90 நாளில் 90 கூட்டம் என்று அங்கே சொல்வார்கள். சென்னையில் அது நடக்கும். வாரம் ஒரே கூட்டம் நடக்கும் ஊரில் மற்ற நாட்களை இணையவழிக் கூட்டத்தாலும் தினம் ஒரு போனாலும் நிரப்புங்கள். எண்ணிக்கையைவிட, குடி இல்லாத ஒரு மாலை நேரத்தை எப்படிக் கழிப்பது என்று உடம்பு கற்றுக்கொள்வதுதான் இதன் நோக்கம்.

ஒரு கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழுவுக்குக் குழு சுபாவம் மாறும். குறைந்தது ஆறு முறை, இரண்டு மூன்று குழுக்களிலாவது உட்காருங்கள். பிடித்த ஒன்றை உங்கள் சொந்தக் குழுவாக வைத்துக்கொண்டு அங்கே நாற்காலி போடுவது, டீ ஊற்றுவது என்று ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். வேலை இருந்தால் மழை பெய்தாலும் போவீர்கள்.

எழுதி ஒட்டி வைக்க வேண்டிய நான்கு சொற்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. ஆசை எழும்போது இந்த நாலில் எது என்று பாருங்கள், முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஒரு மூத்த உறுப்பினர் சொன்னால் கேட்காதீர்கள். மருந்து விஷயத்தில் தலையிடக் கூடாது என்பதுதான் ஏ.ஏ.வின் சொந்த நிலைப்பாடும்.

10. ஸ்பான்சர்

படிகளை எடுத்துச் செய்ய வழிகாட்டும் மூத்தவர்தான் ஸ்பான்சர். குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவராக, தானும் படிகளைச் செய்தவராகப் பாருங்கள். அழகாகப் பேசுபவரைவிட, சொன்ன நேரத்துக்குப் போன் எடுப்பவர் மேல். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம், அதை மீறாதீர்கள். புதிதாக வந்த பெண்ணிடம் அதிக அக்கறை காட்டும் ஆணிடமிருந்து விலகி இருங்கள், குழுவில் ஒரு பெண் உறுப்பினரிடம் சொல்லிவிடுங்கள்.

கடன் கொடுப்பது, வாங்குவது, சீட்டுப் போடுவது எதையும் குழுவுக்குள் கொண்டு வராதீர்கள். பணத்தில் மனக்கசப்பு வந்தால் கூட்டத்துக்குப் போவது நின்றுவிடும்.

11. வீட்டாருக்கு

குடிப்பவர் வர மறுத்தால் ஏ.ஏ. வந்து இழுத்துப் போகாது. அவரே "பேசணும்" என்று கேட்டால் உறுப்பினர்கள் இரண்டு பேராக வீட்டுக்கு வந்து பேசும் வழக்கம் உண்டு. அவர் சம்மதித்த அந்த மணி நேரத்திலேயே போன் போடுங்கள், காலைவரை தள்ளாதீர்கள்.

வீட்டாருக்கென்று அல்-அனான், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் கூட்டங்கள் இருக்கின்றன. அவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

சாம்பாரிலோ காபியிலோ தெரியாமல் மருந்து கலந்து கொடுக்காதீர்கள். சுவர் விளம்பரங்களிலும் கடைகளிலும் கிடைக்கும் பொடி, மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் கடும் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். அந்த மருந்தை அவருடைய சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

"மீட்டிங்ல என்ன பேசினீங்க?" என்று துருவாதீர்கள். போய் வந்தாரா, சாப்பிட்டாரா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

12. மறுபடி குடித்துவிட்டால்

இதை அங்கே ஸ்லிப் என்பார்கள். நடந்த அன்றே வாங்கி வைத்த எண்ணில் ஒன்றை அழையுங்கள், அடுத்த கூட்டத்துக்கே போங்கள். வேறு குழுவுக்கு மாறிப் புதியவர் போல உட்காராதீர்கள். உங்களைத் தெரிந்த அதே குழுவில் "நேத்து குடிச்சிட்டேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த அறையில் இருப்பவர்களில் பலருக்கும் இது நடந்திருக்கிறது.

பிறகு ஸ்பான்சரோடு உட்கார்ந்து முந்தைய நான்கைந்து நாட்களைத் திரும்பிப் பாருங்கள். எந்தக் கூட்டத்தைத் தவறவிட்டீர்கள், யாருக்குப் போன் செய்வதை நிறுத்தினீர்கள், எந்த நண்பரோடு மறுபடி சேர்ந்தீர்கள் என்று தேடினால், கிளாஸைத் தொடுவதற்குச் சில நாள் முன்பே ஏதோ ஒன்று விட்டுப்போயிருப்பது தெரியும். ஒரே நாளில் நிறுத்திக்கொண்டால் இவ்வளவு போதும். ஒரு வாரம் தொடர்ந்து குடித்திருந்தால் கூட்டத்துக்கு முன் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிறுத்தும்போது வரும் நடுக்கமும் வலிப்பும் அடுத்தடுத்த முறைகளில் கடுமையாவது உண்டு.